பெரிய மீனுக்குப் பெரிய கம்பு

அலமாரிக்கு மேலே வருஷம் முழுக்கப் படுத்துக் கிடக்கிற நீளமான பச்சைத் துணிப்பையை மனைவி ஸ்டூல் போட்டு இறக்கிக்கொண்டிருந்தாள். குளித்துவிட்டுத் தலையைத் துவட்டியபடி வந்த பதில் சார், துண்டைத் தலையிலேயே விட்டுவிட்டு ஓடி வந்தார்.

“அதை ஏன் எடுக்கறே?”

“சனிக்கிழமை கிளம்பணும் இல்ல? தூசி தட்டி வைக்கலாம்னு.”

“அது என் வேலை. நான் பாத்துக்கறேன்.”

“இந்த வருஷம் நானும் வரேனே. நானும் கொஞ்சம் பாத்துக்கறேன்.”

பதில் சாருக்குத் துண்டு நழுவித் தோளில் விழுந்தது. “நீ எங்க வரே?”

“உங்ககூட, மீன் பிடிக்க. பொண்ணு படிக்கப் போயிட்டா. வீடு வெறிச்சுனு இருக்கு. அக்கா வீட்டுக்கு எத்தனை தடவைதான் போறது?” பையைக் கையில் ஏந்திக் கனம் பார்த்தாள். “தூண்டில் கம்பு இவ்வளவு கனமாவா இருக்கும்?”

“பெரிய மீனுக்குப் பெரிய கம்பு” என்றார் பதில் சார், கண் இமைக்காமல்.

“ஓ” என்று சொல்லிப் பையை அவர் கையில் கொடுத்தாள்.

பையில் இருந்தது இரண்டு திரைச்சீலைக் கம்பியும் ஒரு பழைய குடையும்.

பதில் சார் என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். பேருந்து நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்கு அவர்தான் மேற்பார்வையாளர். பேருந்து நிற்கவில்லை, நின்றது ஆனால் கதவு திறக்கவில்லை, கதவு திறந்தது ஆனால் குடை மாட்டிக்கொண்டது என்று காலையிலிருந்து மாலைவரை ஊரே அவர் காதுக்குள் வந்து கத்திவிட்டுப் போகும். எதைக் கேட்டாலும் அரை நொடியில் அவரிடம் ஒரு பதில் இருக்கும். சரியான பதிலா என்பது வேறு விஷயம். சொல்கிற தோரணையில் எதிராளி நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுவார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு வருஷத்தில் மூன்று நாளாவது யாரும் ஒன்றும் கேட்காமல் இருந்தால் தேவலை என்று தோன்றியது. அதை மனைவியிடம் எப்படிச் சொல்வது? ‘உன் பேச்சும் காதில் விழாத இடத்துக்குப் போகிறேன்’ என்று எந்தப் புருஷன் சொல்லிவிட்டு நிம்மதியாகப் போக முடியும்? அந்தச் சமயம் பார்த்து மரப்பாலத்து ஆற்றில் பெரிய பெரிய டிரவுட் மீன்கள் கிடைப்பதாகப் பத்திரிகையில் படம் போட்டிருந்தான். இறகையும் நூலையும் தூண்டில் முள்ளில் கட்டி, ஈ மாதிரி ஒன்று செய்து, தண்ணீர்மேல் வீசி ஏமாற்றிப் பிடிக்கிற கலையாம். “எனக்கு அதில் ரொம்ப நாள் ஆசை” என்று அரை நொடியில் சொன்னார். கிளம்பிவிட்டார்.

போனது ஆற்றுக்கு இல்லை. இரண்டு மணி நேரத் தூரத்தில் இன்னொரு நகரத்தில், ஒரு விடுதியின் மூன்றாம் மாடி அறைக்கு. மூன்று நாளும் தூங்குவார், துப்பறியும் நாவல் படிப்பார், ஜன்னல் வழியாகப் புறாக்களைப் பார்ப்பார். ஞாயிறு தாண்டித் திங்கள் மதியம் வீட்டுக்கு வந்து, விரலுக்கும் முழங்கைக்கும் நடுவே அளவு காட்டுவார். மீன் எங்கே என்றால் அதற்கும் பதில் இருந்தது. “பிடிச்சு, பாத்து, தண்ணியிலயே விட்டுடணும். அதுதான் இந்த ஆட்டத்தோட மரியாதை.”

அந்த மூன்று நாளும் மனைவி தன் அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள். திரும்பி வரும்போது அவளும் சிரித்த முகமாகத்தான் வருவாள். பதினொரு வருஷம் இப்படி இரண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லாமல் ஓடிவிட்டது.

இப்போது கையில் ஐந்து நாள் இருந்தது. ஐந்து நாளில் பதினொரு வருஷ அனுபவம் சம்பாதிக்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் படுக்கையில் விழுந்து காய்ச்சல் என்றிருப்பார்கள். பதில் சார் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். ஒரு பொழுதுபோக்கு. அதை ஐந்து நாளில் கற்றுக்கொள்ள முடியாதா என்ன?

மறுநாள் மதியம் தூண்டில் கடைக்குப் போனார். கடைக்காரர் மூக்கு நுனியில் கண்ணாடி போட்டு, ஒரு முள்ளில் சாம்பல் நிற இறகைச் சுற்றிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே கேட்டார்.

“ஆறா, ஏரியா?”

“ஆறு. பெரிய டிரவுட்.”

“உங்களுக்கா?”

“ஒரு நண்பருக்கு. என் உயரம்தான் இருப்பார். என் பருமன்தான். காலும் என் அளவுதான்.”

கடைக்காரர் தலையைத் தூக்கி அவரை மேலிருந்து கீழே பார்த்தார். “சரி, நண்பருக்கு உலர் ஈ வேணுமா, நனையற ஈ வேணுமா?”

“உலர்ந்ததே குடுங்க. பையில மத்த துணியெல்லாம் இருக்கும்.”

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பிறகு, உலர் ஈ என்பது தண்ணீர்மேல் மிதப்பது, நனையும் ஈ என்பது உள்ளே முங்குவது என்று பொறுமையாகச் சொன்னார். பதில் சாரும், “அதேதான் நானும் சொன்னேன்” என்று தலையாட்டினார். கம்பு, ரீல், தூண்டில் நரம்பு, இரண்டு வகை ஈ, நெஞ்சுவரை ஏறுகிற ரப்பர் கால்சட்டை, எல்லாம் வாங்கியாயிற்று. பேருந்துப் பணிமனைக்கு எடுத்து வந்து பிரித்துப் பார்த்தபோதுதான் ஒரு சிக்கல் கண்ணில் பட்டது.

எல்லாம் பளபளவென்று புதுசு.

பதினொரு வருஷம் ஆற்றில் நின்றவனின் கால்சட்டையில் கடை வாசனை அடிக்குமா? பணிமனையின் தலைமை மெக்கானிக்கிடம் போனார். எல்லாரும் அவரைக் கிரீஸ் என்று கூப்பிடுவார்கள். கை மட்டும் இல்லை, காதுகூட அப்படித்தான் இருக்கும்.

“கிரீஸ், இதையெல்லாம் கொஞ்சம் பழசாக்கணும்.”

“பழசைப் புதுசாக்கச் சொல்லித்தான் இதுவரைக்கும் கேட்டிருக்காங்க” என்றார் கிரீஸ். “எத்தனை வருஷம் சார்?”

“பதினோரு வருஷம்.”

“ஒரு மணி நேரம் குடுங்க. ஓட்டிடலாம்.”

கிரீஸ் சொன்ன வார்த்தை மாறாதவர். ரீலை உப்புத்தாளில் தேய்த்தார். கம்பின் கைப்பிடியைத் தேநீர் டிகாக்‌ஷனில் ஊறவைத்தார். ரப்பர் கால்சட்டையைப் பேருந்து கழுவுகிற இயந்திரத்தின் இரண்டு பெரிய சுழல் பிரஷ்களுக்கு நடுவே தொங்கவிட்டுப் பொத்தானை அமுக்கினார். ஒரு தடவை போதும் என்று பதில் சார் சொல்வதற்குள் மூன்றாவது தடவை முடிந்துவிட்டது. வெளியே வந்தபோது கால்சட்டைக்குப் பதினொன்று இல்லை, நாற்பது வயது ஆகியிருந்தது. இடது முழங்காலில் ஒரு ஓட்டை, உட்காருகிற இடத்தில் இரண்டு.

“இதுல தண்ணி போகுமே” என்றார் பதில் சார்.

“போகும். போகாம பாத்துக்கலாம்.”

டயர் டியூபுக்கு ஒட்டுகிற வட்டத் துண்டுகளை எடுத்துக் கிரீஸ் சூடு வைத்து ஒட்டினார். தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. ஆனால் உட்காருகிற இடத்தில் இரண்டு சிவப்பு வட்டங்கள், பேருந்தின் பின் விளக்குகள் மாதிரி, தெளிவாகத் தெரிந்தன.

“பின்னாடி வர்றவங்களுக்கும் பாதுகாப்பு” என்றார் கிரீஸ்.

அன்று மாலை மனைவி ஒரு நூலையும் ஊசியையும் கொண்டுவந்து நீட்டினாள். “தூண்டில் முள்ளுல நரம்பு கட்டறது கஷ்டமாமே. இதுல எனக்கும் காட்டுங்க.”

பதில் சார் ஷூ நாடாவுக்குப் போடுகிற முடிச்சைப் போட்டார். மனதுக்கு நிறைவில்லாததால் மேலே இன்னொன்று போட்டார். மனைவி அதைக் கண்ணருகே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“பெரிய மீன் இழுத்தா தாங்குமா?”

“நான் போட்ட முடிச்சு ஒண்ணுகூட இதுவரைக்கும் அவிழ்ந்தது இல்லை.”

இது முழு உண்மை. மனைவி “ஓ” என்றாள். அவள் சமையலறைக்குப் போன பிறகு உள்ளேயிருந்து இருமல் சத்தம் கேட்டது. அல்லது இருமல் மாதிரி ஏதோ ஒன்று.

புதன்கிழமை மதிய உணவு நேரத்தில் பணிமனையின் பின்பக்க மைதானம் காலியாக இருந்தது. பதில் சார் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு, நடு மைதானத்தில் நின்று, கடைக்காரர் சொன்னபடி கம்பைப் பின்னால் கொண்டுபோய், ஒரு கணம் நிறுத்தி, முன்னால் வீசினார். முதல் வீச்சில் ஈ அவர் சட்டைக் காலரில் மாட்டியது. நாலாவது வீச்சில் பத்தடி போனது. எட்டாவது வீச்சில் நரம்பு காற்றில் அழகாக வளைந்து, நீண்டு, ஒரு எண்ணெய்ப் படலத்தின்மேல் பஞ்சு மாதிரி இறங்கியது. ‘இவ்வளவுதானே’ என்று நினைத்துக்கொண்டார். ஒன்பதாவது வீச்சுக்குக் கம்பைப் பின்னால் கொண்டுபோனபோது அது முன்னால் வர மறுத்தது.

அவர் முதுகுக்குப் பின்னால் பதினாலாம் நம்பர் பேருந்து மெதுவாகக் கிளம்பியிருந்தது. முள் அதன் பின்பக்க ஏணியில் நன்றாகப் பதிந்திருந்தது.

ரீல் கத்தத் தொடங்கியது. பதில் சாருக்குக் கம்பை விட்டுவிடலாம் என்று தோன்றவில்லை. புதுக் கம்பு. அதாவது, பதினொரு வருஷப் பழைய கம்பு. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நெஞ்சுவரை ரப்பர் ஏறிய காலோடு, பேருந்தின் பின்னால் ஓடினார். வாசல் தாண்டினார். தெருவில் நாற்பது அடி ஓடினார். கடைசி இருக்கையில் இருந்த ஒரு பெண்மணி திரும்பிப் பார்த்து, அவர் பேருந்தைத் தவறவிட்டவர் என்று நினைத்து, ‘அடுத்தது வரும்’ என்று கையால் ஜாடை காட்டினாள். ரீலில் நரம்பு தீர்ந்தது. கம்பின் நுனி படாரென்று முறிந்தது. பதில் சார் வாழ்க்கையில் முதன்முதலாகப் பிடித்த மீனுக்கு நாற்பது இருக்கைகள் இருந்தன. அதுவும் தப்பித்துப் போய்விட்டது.

வியாழன் காலை புகார்ப் பிரிவில் முதல் அழைப்பு அதுதான். பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குப் புரியாததால் மேற்பார்வையாளரிடம் மாற்றிவிட்டாள்.

“நேத்து ஒரு பஸ்ஸுக்குப் பின்னாடி, ரப்பர் டிரஸ் போட்ட ஒரு ஆளைக் கட்டி இழுத்துக்கிட்டுப் போனாங்க. அது உங்க பஸ்தானே?”

“அது ஒரு பாதுகாப்புச் சோதனை அம்மா” என்றார் பதில் சார், அரை நொடியில். “பேருந்தோட இழுவைத் திறனைப் பரிசோதிக்கிறோம்.”

“அந்த ஆளுக்கு ஒண்ணும் ஆகலையே?”

“நல்லா இருக்கார். நேத்தே வேலைக்குத் திரும்பிட்டார்.”

அந்த அம்மாளுக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்துப்போனது. பிடித்துப்போனதால், பொது மேலாளருக்குப் போன் போட்டுப் பாராட்டினாள். பதினோரு மணிக்குப் பொது மேலாளர் கூப்பிட்டார். பயணிகள் பாராட்டிப் போன் செய்தது நிறுவன வரலாற்றில் இதுவே முதல் தடவை என்றும், அந்தச் சோதனையைச் சனிக்கிழமை தன் முன்னிலையில் எல்லாப் பேருந்துக்கும் செய்து காட்ட வேண்டும் என்றும் சொன்னார்.

“சனிக்கிழமை நான் விடுப்பு சார்.”

“உங்களுக்குப் பதிலா யாரையாவது ஓட வைங்க.”

“பயிற்சி வேணும் சார். முதல்ல நான் ஒரு வழிமுறைக் குறிப்பு எழுதித் தரேன். நீங்க படிச்சு ஒப்புதல் கொடுத்தப்புறம் ஆரம்பிக்கலாம்.”

மதியத்துக்குள் முப்பத்தாறு பக்கக் குறிப்பு ஒன்று பொது மேலாளர் மேஜைக்குப் போனது. மூன்றாம் பக்கத்துக்கு மேல் யாரும் படிக்க முடியாதபடி எழுதியிருந்தார். அந்தச் சோதனையைப் பற்றி அதன்பிறகு யாரும் பேசவில்லை. ஆனால் அதை எழுதிய நேரத்தில் வீசிப் பழகியிருக்கலாம் என்ற வருத்தம் மட்டும் அவருக்கு இருந்தது.

முறிந்த நுனிக்குக் கிரீஸ் ஒரு பழைய பேருந்து ரேடியோவின் ஏரியலை வைத்து ஒட்டினார். தேவைப்பட்டால் நீட்டிக்கொள்ளலாம், வேண்டாமென்றால் உள்ளே தள்ளிக்கொள்ளலாம். அன்று மாலை வீட்டுக் கூடத்தில் பாயை விரித்து, எல்லாவற்றையும் பரப்பி வைத்தார். இதற்குமேல் மறைத்து வைத்தால்தான் சந்தேகம் வரும்.

மனைவி குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கால்சட்டையைத் திருப்பினாள். சிவப்பு வட்டங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கம்பை எடுத்து ஆள்காட்டி விரலில் வைத்து நிறுத்தினாள். ஏரியல் பக்கம் சாய்ந்தது.

“நல்லா உழைச்சிருக்கு” என்றாள்.

“பதினோரு வருஷம் ஆச்சே.”

“இந்த நுனி எப்படி உடைஞ்சது?”

“அது நான் பிடிச்சதிலேயே பெரிசு.” இதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு உண்மை இருந்தது. “எவ்வளவு தூரம் இழுத்துக்கிட்டுப் போச்சு தெரியுமா? நானும் விடலை. நரம்பு தீர்ற வரைக்கும் பின்னாடியே ஓடினேன்.”

“அப்புறம்?”

“போயிடுச்சு. கிழக்குப் பக்கமா.”

மனைவி அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு பாயை மடிக்க ஆரம்பித்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது பதில் சாரின் தைரியத்தில் முதல் விரிசல் விழுந்தது. ஆற்றைப் பற்றிப் பயமில்லை. மீனைப் பற்றியும் பயமில்லை. மீன் மாட்டாவிட்டால் காற்று சரியில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் மனைவி அவருடைய ஸ்வெட்டரை மடித்து வைக்கிற பொறுமையைப் பார்க்கப் பார்க்க ஏதோ ஒன்று நெஞ்சில் உறுத்தியது. இவளிடம் பதினொரு வருஷப் பொய். ஒரு தடவைகூட நோண்டிக் கேட்டவள் இல்லை. சொல்லிவிடலாம். ‘எனக்கு மூன்று நாள் சும்மா கிடக்கணும்னு இருந்துச்சு, அவ்வளவுதான்’ என்று சொன்னால் கோபப்படுவாள், அழுவாள், பிறகு சரியாகிவிடும்.

“உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்” என்றார்.

“சொல்லுங்க.”

“இந்த மீன் பிடிக்கற விஷயம்…”

“அதை நானே சொல்லணும்னு நினைச்சேன்” என்றாள் மனைவி, ஸ்வெட்டர் கையை மடித்தபடி. “நாள் முழுக்க ஊர்ப் புகாரைக் கேக்கறீங்க. வீட்டுக்கு வந்தா நாங்க பேசறதைக் கேக்கறீங்க. மனுஷனுக்குன்னு தனியா ஒரு இடம் வேணும். அங்க போய் என்ன செய்யறாங்கன்னு யாரும் கேக்கக் கூடாது. நான் எப்பவாவது கேட்டிருக்கேனா?”

“இல்லை.”

“இப்பவும் கேக்கலை. இந்த ஒரு தடவை சேர்ந்து போகணும்னு தோணுச்சு. அவ்வளவுதான். நீங்க என்னவோ சொல்ல வந்தீங்களே?”

பதில் சாருக்குப் பதில் வர அன்றுதான் அரை நொடிக்குமேல் ஆனது. “கனமான சாக்ஸ் எடுத்துக்க. தண்ணி ஜில்லுனு இருக்கும்” என்றார்.

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குச் சின்னக் காரில் கிளம்பினார்கள். வெளிச்சத்தில் அவருடைய தைரியம் திரும்பி வந்துவிட்டது. ஸ்டீயரிங்கில் தாளம் போட்டபடி ஓட்டினார். நகரத்தைத் தாண்டி மலையடிவாரத்தில் சாலை இரண்டாகப் பிரிகிற இடத்தில்தான் ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. மரப்பாலத்து ஆற்றுக்கு எந்தப் பக்கம் போவது என்று அவருக்குத் தெரியாது. வண்டியை ஓரம் நிறுத்தி, டயரைப் பார்ப்பது போல இறங்கிப் பலகையைத் தேடினார். பலகையைப் புதர் மூடியிருந்தது.

“இடது பக்கம்தானே?” என்றாள் மனைவி ஜன்னல் வழியாக. “நீங்கதான் எப்பவோ சொல்லியிருக்கீங்க.”

“ஆமா, இடதுதான். டயர்ல காத்து இருக்கான்னு பாத்தேன்.” அவ்வளவு துல்லியமாகக் கதை விட்டிருக்கிறோமே என்று தன்மேலேயே ஒரு மரியாதை வந்தது.

இன்னும் ஒரே ஒரு முள் பாக்கி இருந்தது. ஆற்றுக் காவலர். பதினொரு வருஷக் கதைகளில் அந்தக் காவலரைத் தன் சொந்தத் தம்பி ரேஞ்சுக்கு வளர்த்துவிட்டிருந்தார். இருவரும் சேர்ந்து நெருப்பு மூட்டியதும், வழுக்கிய காவலரைத் தான் கைகொடுத்துத் தூக்கியதும் மனைவிக்கு மனப்பாடம். அங்கே நிஜமாகவே ஒரு காவலர் இருந்து, ‘நீங்க யாரு’ என்று கேட்டால் முடிந்தது.

“உங்க காவலர் தம்பியைப் பாக்கத்தான் எனக்கு ஆசை” என்றாள் மனைவி.

“அவர் இந்த வருஷம் ஓய்வு வாங்கிட்டார். இப்ப புது ஆள்.”

“அப்படியா? யார் சொன்னது?”

“கடிதாசு போட்டிருந்தார்.”

“ஓ” என்றாள் மனைவி. கைப்பையிலிருந்து துணித் தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

வளைவு திரும்பியதும் ஆறு தெரிந்தது. பத்திரிகைப் படத்தில் பார்த்ததைவிட அகலம். வெயில் பட்டுக் கண் கூசியது. மரப்பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு குடிசையும், குடிசை வாசலில் ஒரு பெஞ்சும் இருந்தன. பதில் சார் காரை நிறுத்தினார். அவர் போட்ட திட்டம் எளிமையானது. மனைவி இறங்குவதற்குள் தான் முன்னால் ஓடி, காவலர் காதில் இரண்டு வார்த்தை போட்டுவிட வேண்டும். ரப்பர் கால்சட்டையைக்கூட மாட்டாமல் இறங்கி நடந்தார்.

குடிசைக்குள்ளிருந்து நரைத்த தாடியோடு ஒரு பெரியவர் வெளியே வந்தார். புது ஆள் என்று யாரும் நம்ப முடியாத வயது. கண்ணுக்கு மேலே கையை வைத்துப் பார்த்தார். பார்த்ததும் முகம் முழுக்க மலர்ந்தது. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, நெடுநாள் பழகியவரைப் பார்த்த சந்தோஷத்தோடு, விடுவிடுவென்று அவரை நோக்கி வந்தார்.

பதில் சாருக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. வயதான மனுஷன், கண் சரியாகத் தெரியவில்லை, இவரை வேறு யாரோ என்று நினைத்துக்கொண்டார். நினைத்துக்கொள்ளட்டும். பின்னால் மனைவி வந்து நிற்பது காலடிச் சத்தத்தில் தெரிந்தது. நல்ல நேரம்தான், அவளும் பார்க்கட்டும். முகத்தில் பதினொரு வருஷ நட்பைக் கொண்டுவந்து, வலது கையை நீட்டினார்.

பெரியவர் அந்தக் கையைத் தாண்டிப் போய் மனைவிக்கு முன்னால் நின்றார்.

“வாங்கம்மா, பதினோரு வருஷமா நீங்க நின்னு மீன் பிடிக்கிற அந்தப் பாறையை இந்தத் தடவையும் யாருக்கும் விடாம வெச்சிருக்கேன், அது சரி, முத வருஷம் இங்க யாரையோ தேடிக்கிட்டு வந்தீங்களே, அந்த ஆள் இவர்தானா?”